எழும்பி நின்று எடுத்த ஸ்கான்

எனக்கு விதை (விரை) ஸ்கான் எடுத்த, திருகோணமலை டவுனில் உள்ள ஒரு தனியார் ஸ்கான் நிலையத்தைப் பற்றி எழுதுகிறேன். கவுண்டரைக் கொஞ்சம் திட்ட வேண்டியிருப்பதால் பெயர் போடவில்லை.

கல்யாணமாகி நான்கு வருடம். மனைவி எடுக்காத டெஸ்ட் இல்லை, கோணேசர் கோயில் மரத்தில் தொட்டிலும் கட்டியாயிற்று. அதற்கெல்லாம் பிறகுதான் என் முறை வந்தது. விந்துப் பரிசோதனையில் மில்லிலீட்டருக்கு 90 இலட்சம் அணுக்கள். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன கீழெல்லை 160 இலட்சம். முதலில் ஸ்கானுக்குப் போன வேறொரு இடத்தில் படுக்க வைத்து இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்றார்கள். டொக்டருக்குத் திருப்தியில்லை, இங்கே துண்டு எழுதித் தந்தார்.

'ஒரு லீட்டர் தண்ணி குடிச்சிட்டு வாங்க, சலம் போயிடாதீங்க' என்று போனில் சொன்னார் கவுண்டர் பிள்ளை. நிலாவெளியிலிருந்து பஸ்ஸில் நான் வந்த வரவு எனக்குத்தான் தெரியும். ஹோல் நிறையக் கர்ப்பிணிகள். அதற்குள் 'விதை ஸ்கானுக்கு வந்தவர் யார்?' என்று ஒரு சத்தம். நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்த அம்மா தோளில் தட்டி, 'தம்பி, உங்களத்தான்' என்றார்.

ஸ்கான் டொக்டர் சிரித்துவிட்டார். இந்த ஸ்கானுக்குத் தண்ணீரே தேவையில்லையாம். முதலில் டொய்லெட்டுக்கு அனுப்பினார்.

அப்புறம் நடந்ததற்குத்தான் இந்த விமர்சனம். படுக்க வைத்து இரண்டு விதைகளையும் அளந்தார்: வலது 16 மில்லிலீட்டர், இடது 12. பிறகு, 'எழும்பி நில்லுங்க, மூச்சை அடக்கி முக்குங்க' என்றார். திரையில் இடது பக்கம் சிவப்பும் நீலமும் மாறி மாறி வந்தன. இரத்தம் திரும்பி இறங்குகிறதாம். விதையிலிருந்து இரத்தத்தை மேலே கொண்டுபோகும் நாளத்தின் அகலம் 3.6 மில்லிமீட்டர்; 3க்கு மேல் போனால் வீக்கம், பெயர் வெரிகோசீல். படுத்தால் இரத்தம் வடிந்து நாளம் சுருங்கிவிடும், நின்றால்தான் பிடிபடும் என்று விளக்கினார். இடது நாளம் மேலே நீளமாகப் போய்ச் சிறுநீரக நாளத்தில் செங்குத்தாகச் சேர்வதால் அந்தப் பக்கம்தான் அதிகம் வருமாம். ஸ்கானில் அணுக்கள் தெரியாது, எண்ணிக்கைக்கு விந்துப் பரிசோதனைதான் என்பதையும் கேட்காமலே சொன்னார். யாரும் இவ்வளவு பொறுமையாக எனக்குச் சொன்னதில்லை.

இருபது நிமிடத்தில் ரிப்போர்ட் கையில். காசு முன்பு போன இடத்தைவிட ஆயிரம் ரூபாய் கூட, பரவாயில்லை. டொக்டருக்கு ஐந்து நட்சத்திரம், கவுண்டருக்கு ஒன்று. சத்திரசிகிச்சை வைத்தியரை அடுத்த கிழமை சனல் பண்ணியிருக்கிறேன். நீங்கள் போவதென்றால் தண்ணீர் குடிக்காமல் போங்கள்.