கூப்பூர் நேரத்துப் படங்கள்: பாரிஸ் சின்னத் தியேட்டர்களும் மாதக் கார்டும்

பாரிஸில் ரெஸ்டோரன்ட் குசினியில் வேலை செய்கிற ஆக்களுக்குக் கூப்பூர் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக ஒரு வரி: மதியச் சாப்பாட்டு வேலை முடிந்து இரவு வேலை தொடங்கும்வரை நடுவில் விழுகிற சம்பளமில்லாத இடைவெளி, எங்கள் இடத்தில் மூன்றிலிருந்து ஆறு, ஆறரை வரை. லா கூர்நெவ், பொபினி மாதிரிப் புறநகர்ப் பக்கம் இருக்கிறவர் வீட்டுக்குப் போய்ச் சப்பாத்தைக் கழற்றமுதல் திரும்ப வெளிக்கிட வேண்டும், அதனால் சிலர் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் தேத்தண்ணியும் கதையும், சிலர் பார்க் வாங்கில் நித்திரை, சிலர் சாமான் அறையிலேயே சாக்குமேல் சாய்ந்துவிடுவார்கள். நான் சில வருசமாக அந்த நேரத்தைப் படத்துக்குக் கொடுக்கிறேன். முக்கியமாகச் செப்டம்பரில் இருந்து டிசம்பர் வரை. பார்க்கில் இருக்க முடியாத குளிர் ஒரு காரணம், நல்ல பழைய படங்களை வரிசையாகப் போடுகிற காலமும் அதுதான் என்பது மற்றது.

கையில் இருப்பது யூ.ஜி.சி. என்ற பெரிய தியேட்டர் கம்பனியின் இல்லிமித்தே கார்டு, எத்தனை படமும் பார்க்கலாம். மாதம் இருபது யூரோ சொச்சம் வங்கியில் தானாகக் கழியும், ரிக்கெட் ஒன்பது பத்து யூரோ விற்கிற ஊரில் மூன்றாவது படத்தோடு காசு நேராகிவிடும். பெரிய கம்பனியின் கார்டுதான், ஆனால் நான் அதைப் பெரிய தியேட்டர்களில் நீட்டுவது குறைவு. 2000இல் இது வந்தபோது சின்னத் தியேட்டர்காரர்கள் தங்கள் கதை முடிந்தது என்று பெரிய சண்டை பிடித்தார்கள், அடுத்த வருசமே சட்டம் வந்தது: இப்படிக் கார்டு விற்கிற பெரிய கம்பனி சின்னத் தியேட்டர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், ஒவ்வொரு ஆளுக்கும் அவர்களுக்கு ஒரு குறைந்தபட்சத் தொகையை உறுதிசெய்ய வேண்டும். அந்தச் சண்டையால்தான் இன்றைக்கு நான் அதே கார்டோடு ரூ ஷம்போலியோனில் நிற்கிறேன். சினமாதெக் என்ற திரைப்படக் காப்பகத்துக்கு இது செல்லாது, அங்கே தனிப் பாஸ். எப்படியும் அது இருக்கிற பெர்சிவரை போய்வந்தால் எனக்குக் கூப்பூர் பத்தாது.

ரூ ஷம்போலியோன் சோர்போன் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டித் தெரு, கார் து நோர் ஸ்டேசனில் பி ரயில் எடுத்தால் சேன் மிஷேலில் இறங்கி நடக்கலாம். அந்தத் தெருவில் மூன்று தியேட்டர்: மூலையில் ல ஷம்போ, பிறகு ஃபில்மோதெக், ரெஃப்லே மெதிசிஸ். ஷம்போ 1938இல் இருந்து ஓடுகிறது, பிரபல ஃபிரெஞ்சு இயக்குநர்கள் த்ரூஃபோவும் ஷப்ரோலும் இளவயதில் பழியாகக் கிடந்த இடம். அங்கே ஒரு அரங்கில் படம் நேரே திரையில் விழாது, கண்ணாடியில் பட்டுத் திரும்பிப் பெரிஸ்கோப் மாதிரி வருகிறது. தெரியாமல் போனால் ஒரு வித்தியாசமும் தெரியாது. தெரிந்த பிறகு நான் முதல் ஐந்து நிமிசம் படத்தைவிட்டுப் பின்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தேன், பக்கத்தில் இருந்த கிழவி உஸ் என்றாள்.

பின்னேரம் நாலு மணிக் காட்சிக்குப் பத்துப் பதினைந்து பேர் இருந்தால் கூட்டம். அதுவும் முக்கால்வாசி ஓய்வூதியக்காரர், மிச்சம் மாணவர். இத்தனை பேரை வைத்து எப்படிப் பிழைக்கிறார்கள் என்று யோசித்ததுண்டு. விற்கிற ஒவ்வொரு ரிக்கெட்டிலும், அது ஹொலிவூட் படத்துக்கென்றாலும், 10.72 சதவீதம் வரியாகக் கழிந்து சே.என்.சே. என்ற அரசு சினிமா நிலையத்துக்குப் போகிறது, அங்கிருந்து கலைப்படம் போடுகிற தியேட்டர்களுக்கும் உதவி வருகிறது. சுப்பர் ஹீரோ பார்க்கிற சனம் எனக்கு ரிக்கெட் போட்டுத் தருகிறது என்று எடுத்துக்கொள்கிறேன், நன்றி. அப்படியிருந்தும் மூடுகிற இடங்கள் மூடத்தான் செய்கின்றன. ஐந்தாம் வட்டாரத்து லா கிளே தியேட்டர் 2018இல் மூடி, ஆக்கள் உள்ளே புகுந்து தாங்களே படம் போட்டு, 2022இல் பொலிஸ் வந்து வெளியேற்றி, கடைசியில் 2024இல் அதே ஆக்கள் காசு சேர்த்துக் கட்டிடத்தையே வாங்கிவிட்டார்கள். பிடிவாதம் என்றால் அது.

இனிப் படங்கள். எல்லாவற்றையும் சொல்லப் போவதில்லை, ஒரே ஒரு இலையுதிர் காலம். 2024 செப்டம்பர் கடைசியில் ழு த போம் என்ற கலைக்கூடத்தில் ஷந்தால் அக்கர்மன் கண்காட்சி தொடங்கியது, அதோடு அவரது படங்களும் தியேட்டர்களுக்குத் திரும்ப வந்தன. பெல்ஜியப் பெண் இயக்குநர், 1950இல் பிறந்தவர், 2015இல் பாரிஸில் இறந்தார். அவர் இருபத்தைந்து வயதுக்குள் எடுத்த ‘ழான் தீல்மன்’ படத்தை 2022இல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ பத்திரிகையின் விமர்சகர் வாக்கெடுப்பு உலகத்தின் தலைசிறந்த படம் என்று முதலிடத்தில் வைத்தது. மூன்று மணி இருபத்தொரு நிமிசம். கூப்பூருக்குள் அடங்காது, லீவு நாளில்தான் போனேன்.

ஒரு விதவை, மகன், ஒரு வீடு, மூன்று நாள். சமைக்கிறாள், கழுவுகிறாள், கட்டில் விரிக்கிறாள், பின்னேரங்களில் காசுக்கு ஆண்கள் வந்து போகிறார்கள். கமரா அசையாது. இந்தப் படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் நேரம், பெண்ணியம், அமைதி என்று எழுதுகிறார்கள், சரி, இருக்கட்டும். குசினிக்காரன் கண்ணால் பார்த்தால் அது வேறு படம். முதல் நாள் அவள் கை போகிற விதமே சொல்லிவிடும், ஒரு சாமான் இடம் மாறாது, அறையைவிட்டு வெளியே வரும்போது லைட்டை அணைக்காமல் வரமாட்டாள், இப்படி ஒருத்தி எங்கள் இடத்தில் இருந்தால் செஃப் கும்பிடுவார். இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு கூடுதலாக வெந்துவிடுகிறது. அவ்வளவுதான் நடப்பது. அவள் அந்தச் சட்டியைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போகிறாள், திரும்பிக் குசினிக்கு வருகிறாள், எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கிறாள். எனக்கு நெஞ்சு அடித்தது. இரவு சேவிஸ் நடுவில் ஒரு சட்டி அடிப்பிடித்துவிட்டால் அடுத்த ஒரு மணித்தியாலம் என்ன கதியாகும் என்று தெரிந்தவனுக்குத்தான் அது விளங்கும், முன்வரிசையில் ஒருவர் அந்த நேரம் பார்த்து எழும்பிப் போனார்.

அடுத்த கிழமையே ‘நியூஸ் ஃப்ரம் ஹோம்’ போட்டார்கள், இது ஒன்றரை மணித்தியாலம், கூப்பூருக்கு அளவெடுத்த மாதிரி. நியூயோர்க் தெருக்கள், சுரங்க ரயில், அதன்மேல் பிரசெல்ஸில் இருந்து அம்மா எழுதிய கடிதங்களை அக்கர்மனே ஒரே சுரத்தில் வாசிக்கிறார். உடம்பைப் பார்த்துக்கொள், ஏன் எழுதவில்லை, இன்னாருக்குக் கலியாணம். போன் கார்டு சுரண்டிப் பேசின காலத்தைக் கண்ட எவருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இங்கேதான் எனக்கொரு கஷ்டம். படம் ஃபிரெஞ்சு, பார்க்கிற நாடு ஃபிரான்ஸ், ஆகவே உபதலைப்பு கிடையாது. வேகமாக வாசிக்கிற குரல்மேல் ரயில் சத்தம் ஏறி அமுக்குகிறது, அது வேண்டுமென்றே செய்தது, ஃபிரெஞ்சுக்காரருக்கே பாதி கேட்காதாம். எனக்குக் கால்வாசிதான் கேட்டது.

புதிதாகத் தொடங்குகிறவர் இதைக் கவனியுங்கள். ஃபிரெஞ்சு ஓரளவு தெரிந்த எங்களுக்கு ஜப்பான் படம், ஈரான் படம், வங்காளப் படம்தான் சுகம், ஏனென்றால் கீழே எழுத்து ஓடும், எழுத்து மெல்லமாகத்தான் ஓடும். என் ஃபிரெஞ்சு திருந்தியது வகுப்பில் என்பதைவிட ஜப்பான் இயக்குநர் ஓசுவின் படங்களுக்குக் கீழே வந்த உபதலைப்பில் என்று சொல்லலாம். ஃபிரெஞ்சுப் படங்களைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

குறைகளும் உண்டு. பழைய அரங்குகளில் தரை சரிவு குறைவு, முன்னால் உயரமான ஆள் இருந்தால் உபதலைப்பின் நடுச்சொல் முழுக்க அவர் மண்டைக்குள் போய்விடும், ஆகவே ஓரக் கதிரை பிடியுங்கள். நான் அடிக்கடி போகிற ஒரு இடத்தில், பெயர் வேண்டாம், நவம்பர் வந்தாலும் ஹீற்றர் போடமாட்டார்கள், கழிவறைப் பூட்டு இரண்டு பருவமாக உடைந்தபடி, கேட்டால் தோளைக் குலுக்குகிறார்கள். நேர அட்டவணைதான் இன்னும் பெரிய தலையிடி. இங்கே புதன்கிழமைதோறும் நிகழ்ச்சி மாறும், தொடராகப் போடுகிற படம் ஒவ்வொன்றும் கிழமைக்கு ஒன்று, இரண்டு காட்சிதான், அதுவும் 13.50, 15.40 என்று இரயில் நேரம் மாதிரி. மதியம் கடைசி மேசை எழும்பாமல் கோப்பிக்கு மேல் கோப்பி கேட்டுக்கொண்டிருந்தால் என் படம் போச்சு. அந்த மேசையை நான் வெறுக்கிற மாதிரி செஃப்கூட வெறுத்திருக்கமாட்டார்.

கார்டு எடுக்கலாமா என்று வேலை இடத்தில் தம்பிமார் கேட்கிறார்கள். மாதம் ஒரு தமிழ்ப் படம் மட்டும் பார்க்கிறவருக்கு வேண்டாம், அந்தக் காசு வீண். ஆனால் பிடிக்காவிட்டால் அரைவாசியில் எழும்பி வரலாம், காசு போச்சே என்று மனம் கிடந்து அடிக்காது, அந்தச் சுதந்திரம் பெரிது. பேர் தெரியாத இயக்குநர்கள் பாதிப்பேரை நான் அப்படித்தான் கண்டுபிடித்தேன், மூன்று படத்தில் நித்திரையும் கொண்டிருக்கிறேன், இளஞ்சூடான அரங்கில் அதுவும் கூப்பூருக்கு மோசமில்லை.

அப்புறம், பையில் ஒரு மாற்றுச் சேட் வைத்துக்கொள்ளுங்கள். பொரித்த எண்ணெய் மணத்தோடு ஐம்பது கதிரை அரங்குக்குள் போனால் பக்கத்து வரிசை மெல்ல மெல்லக் காலியாகும், உங்களுக்கு இடவசதிதான், ஆனாலும் பாவம் அந்த ஓய்வூதியக்காரர்கள்.