அல்சூர் ஓவிய வகுப்பு: அடிப்படையிலிருந்து தொடங்க நல்ல இடம்

அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு மாடி வீட்டில் நடக்கும் சனிக்கிழமை வகுப்பு. பெரியவர்களும் சேரலாம். மாஸ்டர் தமிழிலேயே சொல்லித் தருகிறார், பெங்களூரில் இது எனக்குப் பெரிய விஷயம்.

எடுத்த எடுப்பில் பிள்ளையார், மயில் என்று பார்த்து வரைய வைக்கும் இடங்கள் நிறைய உண்டு. இங்கே முதலில் கோடு மட்டும்தான். மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து கையை ஓட்டச் சொல்வார், கொஞ்சம் போரடிக்கும், ஆனால் பொறுத்துக்கொண்டால் கை படிந்துவிடும்.

அப்புறம்தான் ஒளி நிழல். ஜன்னலோரம் ஒரு பித்தளைச் சொம்பை வைத்து எச்பி, 2பி, 6பி என்று கருமை கூடிக்கொண்டே போகும் பென்சில்களால் வெளிச்சத்திலிருந்து இருட்டுவரை படிப்படியாக ஏற்ற வேண்டும். நிழல் பக்கத்து விளிம்பில் மேசையிலிருந்து எதிரொளித்து ஒரு மெல்லிய வெளிச்சம் விழும் பாருங்கள், அதை விட்டுவிட்டால் சொம்பு உருண்டையாகத் தெரியாமல் காகிதத்தோடு ஒட்டிக் கிடக்கும். இதை அவர் சொல்லிக்காட்டிய விதத்துக்கே காசு கொடுக்கலாம்.

நாற்காலியை வரையச் சொல்லும்போது கால்களுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தை மட்டும் வரையச் சொல்கிறார். நாற்காலி தானாக வந்து நிற்கிறது! வண்ணத்துக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றே டியூப். பச்சை, ஆரஞ்சு எல்லாம் நாமே கலக்க வேண்டும்.

குறை என்றால், பொருள்களின் சொரசொரப்பு, வழவழப்பை வரைவதற்கு நேரமே ஒதுக்குவதில்லை. இடமும் நெருக்கடி, ஜன்னலோரம் வேண்டுமென்றால் சீக்கிரம் போய்விடுங்கள். சேர்ந்தபின் அரண்மனைச் சாலையில் இருக்கும் தேசிய நவீன கலைக்கூடத்துக்கும் ஒரு நடை போய்வாருங்கள், திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், விடுமுறை.