ரவையா, மாவா: மூன்று வருட ரிஃப்ராக்டோமீட்டர் அனுபவம்

சயானில் இருக்கும் நண்பர் போன வாரம் ஒரு லிங்க் அனுப்பினார். நான் வைத்திருக்கும் அதே ரிஃப்ராக்டோமீட்டர், அதாவது கடல்மீன் தொட்டித் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று பார்க்கும் கருவி. விலை குறைந்திருக்கிறதாம், வாங்கலாமா என்று கேட்டிருந்தார். 'வாங்குங்க' என்று அடித்துவிட்டு அழித்தேன். 'வேண்டாம்' என்று அடித்து, அதையும் அழித்தேன். ஒரு வார்த்தையில் சொல்கிற விஷயமாக இல்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பேட்டரி கிடையாது. செம்பூரில் மூன்று மழைக்காலம் பார்த்தும் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கவில்லை. ரெண்டு சொட்டு தண்ணீர் விட்டு, மூடியை மூடி, அரை நிமிஷம் பொறுத்து ஜன்னல் பக்கம் திருப்பினால், நீலமும் வெள்ளையும் சந்திக்கும் இடத்தில் கத்தியால் கீறியது மாதிரி ஒரு கோடு. கிலோ தண்ணீருக்கு 35 கிராம் உப்பு என்றால் 35. முன்னால் வைத்திருந்த முள் ஆடும் பிளாஸ்டிக் டப்பாவில் இந்தச் சுகம் கிடையாது. ஒரு குமிழி ஒட்டினாலே முள் மேலே ஏறிவிடும்.

அந்தக் கோடுதான் எனக்கு வினையாக முடிந்தது.

போன மே மாதம் ஒரு பவுடர் ப்ளூ டாங் வாங்கினேன். இக் என்கிற வெண்புள்ளி ஒட்டுண்ணி நோயைக் கூடவே கூட்டிக்கொண்டு வருவதில் பேர்போன மீன் அது. தெரிந்தும், தனித்தொட்டியில் வைக்காமல் நேராகப் பெரிய தொட்டியில் விட்டேன். அது என் கொழுப்பு. ஐந்தாம் நாள் காலை காபியோடு வந்த மனைவி, "மீன் மேல ரவை ஒட்டியிருக்கே, பாத்தீங்களா?" என்றாள்.

ரவை என்று அவள் சொன்னதுதான் சரியான பரிசோதனை. இக் என்றால் ரவை: எண்ணிவிடலாம், ஒவ்வொன்றும் தனித்தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும், மீன் பாறையில் போய் உரசும். வெல்வெட் என்கிற இன்னொரு ஒட்டுண்ணி நோய் என்றால் மைதா மாவு: டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால் மட்டும் தூசி மாதிரி மினுங்கும். அதைக் கண்ணால் பார்ப்பதற்குள்ளேயே மீன் மூச்சு வாங்க ஆரம்பித்து, பம்ப் தள்ளும் நீரோட்டத்துக்கு நேராகப் போய் நிற்கும். ஒன்றிரண்டு நாளில் கதை முடிந்துவிடும். கிளவுன் மீனில் மட்டும் தோல் கொழகொழவென்று உரிந்தால் அது புரூக்ளினெல்லா என்கிற வேறொரு ஒட்டுண்ணி. இதெல்லாம் இல்லாமல் எல்லா மீனும் ஒரே நேரத்தில் மேலே வந்து வாய் பிளந்தால் நோயைத் தேடவே வேண்டாம், தண்ணீரைப் பார்க்க வேண்டும்.

எங்கள் மீனில் பதினாலு புள்ளி. மூச்சு சாதாரணம். இக் என்று முடிவு செய்தேன். அது சரிதான் என்பது தெரிய ஒரு மாதமும் ஒரு மீனும் செலவானது.

எல்லா மீனையும் 60 லிட்டர் தொட்டிக்கு மாற்றினேன். தாமிர மருந்துக்கு டாங் வகை மீன்கள் முகம் சுளிக்கும் என்பதால் ஹைப்போசாலினிட்டிக்குப் போனேன். உப்பை மெதுவாகக் குறைத்து, தண்ணீரின் ஒப்படர்த்தியை 1.009க்கு (உப்புக் கணக்கில் சுமார் 12) கொண்டுவந்து, கடைசிப் புள்ளி மறைந்ததிலிருந்து நாலு வாரம் அப்படியே வைப்பது. மருந்து இல்லை, ஆனால் அளவு பிசகக் கூடாது. கொஞ்சம் ஏறினால் ஒட்டுண்ணி பிழைத்துக்கொள்ளும், ரொம்பக் குறைந்தால் மீனுக்கு ஆகாது. நான் காலை, மதியம், ராத்திரி என்று மூன்று வேளையும் பார்த்தேன். கோடு 1.009ல் அசையாமல் நின்றது.

நாலாம் நாள் புள்ளி எல்லாம் போய்விட்டது. வீட்டில் பாயசம் வைக்காத குறை. புள்ளி போவது குணமானதற்கு அடையாளமே இல்லை. சில நாள் மீன் மேல் தின்று கொழுத்து, தானாகக் கீழே விழுந்து, கூடு கட்டி, நூற்றுக்கணக்கில் குட்டி போட்டுத் திரும்பி வருவதுதான் அதன் பிழைப்பு. பன்னிரண்டாம் நாள் திரும்பி வந்தது. இந்தத் தடவை எண்ண முடியவில்லை.

அப்போது நான் சந்தேகப்பட்டது மீட்டரை இல்லை, நோயை. 1.009ல் இக் பிழைக்காது, அதனால் இது இக் இல்லை என்று எனக்கு நானே வக்கீல் மாதிரி வாதாடினேன். தெரிந்தவர்கள் ஆளுக்கொரு நோயின் பெயர் சொன்னார்கள். அந்தக் குழப்பத்திலேயே ஒரு கிளவுன் போய்விட்டது.

தூத்துக்குடியிலிருந்து மாமா வேறு எதற்கோ போன் செய்தார். உப்பளத்தில் முப்பது வருஷம் இருந்தவர். பாத்தித் தண்ணீரின் உப்புச் செறிவு பாமே என்கிற அளவில் 25 டிகிரி வாக்கில் வரும்போது உப்பு இறங்கும் என்பதை அளக்கும் மிதவை போடாமலே சொல்லுவார். புலம்பலை எல்லாம் கேட்டுவிட்டு, "மருமவனே, அந்தக் கருவிய நல்ல தண்ணில வச்சுப் பாத்தியா?" என்றார்.

பார்க்கவில்லை. வாங்கிய அன்று பார்த்ததோடு சரி.

ஆர்.ஓ. தண்ணீர் விட்டுப் பார்த்தேன். கோடு பூஜ்யத்துக்கும் கீழே போயிருந்தது, கிட்டத்தட்ட மூன்று. அதாவது 12 என்று நான் நம்பியது 15. 1.009 என்பது உண்மையில் 1.011 பக்கம். ஒட்டுண்ணிக்கு நான் வைத்தியம் பார்க்கவில்லை, சுகவாசம் கொடுத்திருக்கிறேன். பெரிய தொட்டியில் 35 என்று நம்பியது 38. மூன்று மாதமாக நத்தைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்ததற்கும் அன்றைக்குத்தான் காரணம் கிடைத்தது.

கருவியின் திருகாணியைத் திருப்பிக் கோட்டைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, நாலு வாரத்தை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன். டாங் பிழைத்தது. அங்கே மிச்சமிருக்கும் ஒட்டுண்ணி பட்டினியில் சாகட்டும் என்று பெரிய தொட்டியை மீனே இல்லாமல் 76 நாள் போட்டுவைத்தேன். வெறும் பாறையைப் பார்க்க வந்த விருந்தாளிகளுக்கு விளக்கம் சொல்லி மாளவில்லை.

சரி, கருவி மேல் தப்பா? ஒவ்வொரு தடவையும் சரிபார்க்கவும் என்று அட்டையில் போட்டிருக்கிறது. வெப்பநிலையைத் தானே ஈடுகட்டுவது 10 முதல் 30 டிகிரி வரைக்கும்தான் என்றும் பொடி எழுத்தில் இருக்கிறது. மே மாத மும்பையில் என் ஹால் 33. போதாததற்கு இந்த மாதிரி மலிவு மாடல்களில் பல, கடல்நீருக்காகச் செய்தவை இல்லை, வெறும் உப்புக் கரைசலுக்காகச் செய்தவை. பூஜ்யத்தில் சரியாக வைத்தாலும் 35 கடல்நீரை 36.5 என்று காட்டும். அதனால் இப்போது நகைத் தராசில் 36.5 கிராம் சமையல் உப்பை நிறுத்து, 963.5 கிராம் ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து, அதில் கோட்டை 35க்கு வைத்துக்கொள்கிறேன். ஹைப்போசாலினிட்டி மாதிரி குறைந்த உப்பை அளக்க என்றால் ஆர்.ஓ. தண்ணீரில் பூஜ்யத்துக்கு வைக்க வேண்டும். உப்பு தூத்துக்குடி உப்பு. மாமாவிடம் சொன்னதற்குச் சிரித்தார்.

எல்லாம் என் கவனக்குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மனசு ஆறவில்லை. கெட்டுப்போன தராசு தள்ளாடும், கெட்டுப்போன கடிகாரம் நின்றுவிடும். இது மட்டும் அதே கத்திக்கோட்டோடு, முகம் மாறாமல் பொய் சொன்னது.

நண்பருக்குக் கடைசியில் 'வேண்டாம்' என்று அனுப்பிவிட்டேன். என்னுடையதன் ரப்பர் பிடி கழன்றுவிட்டது. இந்த விலைக்குத் திரும்பக் கிடைக்காது என்று, எனக்கு ஒன்று ஆர்டர் போட்டிருக்கிறேன்.