ஒயில் கேனை விட ஒயில் ஹோஸைப் பாருங்கள்: சிஈ 100 டீசலோடு பன்னிரண்டு வருசம்

நான் ஓட்டுவது 1992ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா, ஆட்கள் சும்மா ‘ஹன்ட்ரட்’ என்று சொல்லும் சிஈ 100. உள்ளே 2சி டீசல் எஞ்சின், 1974 சிசி, டேர்போ இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. 2013இல் வாங்கினேன். வீடு மட்டக்களப்புக் கல்லடி, வேலை களுவாஞ்சிகுடி, இடையில் கண்டி, திருகோணமலை என்று ஓட்டங்கள், எல்லாம் சேர்த்து என் கையில் மட்டும் ஒரு லட்சத்து அறுபதாயிரம் கிலோமீற்றர் ஓடியிருக்கிறது. வாங்கும்போது மீற்றரில் என்ன இருந்தது என்று கேட்காதீர்கள், அந்த மீற்றரை நானே நம்பவில்லை.

பழைய டீசல் வைத்திருப்பவன் என்று தெரிந்தால் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, ‘என்ன ஒயில் ஊத்துறீங்க?’ என்பதுதான். எனக்கும் அந்த வியாதி இருந்தது. முதல் நாலு வருசம் காத்தான்குடியில் நான் போகும் கராஜின் மெக்கானிக் நானா சொன்ன, கச்சா எண்ணெயிலிருந்து எடுக்கும் சாதாரண மினரல் 15டபிள்யூ-40 தான் ஊற்றினேன் (எண்களின் அர்த்தம் பின்னால் வரும்), ஒரு குறையும் இல்லை. குறை இல்லாததுதான் பிரச்சினை, மனுசனுக்குச் சும்மா இருக்க ஏலாதே. 2017இல் கொழும்பிலிருந்து வந்த மச்சான் ஒருத்தன் தன் புதுக் காருக்கு ஊற்றும் ஃபுல் சிந்தெடிக், அதாவது ரசாயன முறையில் செய்த விலை கூடிய 5டபிள்யூ-40 பற்றி அரை மணித்தியாலம் பேசிவிட்டுப் போனான், அடுத்த சேர்விஸுக்கு நானும் அதையே வாங்கிக்கொண்டு போய் நின்றேன். நானா கேனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஊத்தலாம் தம்பி, ஆனா இது கிழவி, சிவப்புச் சாறி கேக்கல” என்றார். நான் சிரித்துவிட்டு ஊற்றச் சொன்னேன்.

உண்மையைச் சொன்னால் முதல் மாதம் நல்லாத்தான் இருந்தது. காலையில் ஸ்டார்ட் பண்ண முதல் எஞ்சினைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கின் லைட் அணைந்ததும் ஒரு சுற்றில் பிடித்தது, சத்தமும் கொஞ்சம் மெதுவாகப் பட்டது (பட்டதா, கொடுத்த காசுக்கு நானே அப்படிக் கேட்டேனா தெரியாது). இரண்டாம் மாதம் கார் நிற்கும் இடத்தில் சீமெந்துத் தரையில் ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் கறுப்புப் பொட்டு. பிறகு இரண்டு பொட்டு. பழைய எஞ்சினில் ஒயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீல்கள் இறுகி, இருக்கும் வெடிப்புகளைப் பழைய ஒயில் கசடுதான் அடைத்துக்கொண்டிருக்கும். நல்லாகக் கழுவும் ஒயில் ஊற்றினால் அந்தக் கசடு கரைந்துவிடும், குளிரில் நல்லாக ஓடும் ஒயில் கிடைத்த இடைவெளியால் வெளியே வரும். ஒயில் கெட்டது என்று இல்லை, அது தன் வேலையைத்தான் செய்தது. பொட்டைப் பார்த்துவிட்டு ஒரு காட்போட் மட்டையை எடுத்துக் கீழே போட்டதுதான் நான் செய்த பராமரிப்பு.

அந்த வருசம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு செங்கலடி, மகா ஓயா, மகியங்கனை வழியாகக் கண்டிக்குப் போனேன். மகா ஓயா தாண்டி ஒரு இருபது நிமிசம் இருக்கும். “மனே, ஏதோ கருகிற மணம் வருது” என்றார் அம்மா. வெளியே யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே முன்னால் நின்ற பஸ்ஸுக்காகப் பிரேக்கை மிதித்தால், மிதி கல்லு மாதிரி இறங்க மாட்டேன் என்கிறது. முழு உடம்பையும் கொடுத்து அழுத்தித்தான் கார் நின்றது. நின்ற அதே நேரம் ஒயில் லைட் மினுங்கியது. அந்த இடத்திலேயே எஞ்சினை அணைத்தேன். அன்றைக்கு நான் செய்த ஒரே புத்தியான வேலை அது.

பொனட்டைத் திறந்தால் ஒரு பக்கம் முழுக்க ஒயில் குளிப்பு. இந்த எஞ்சினில் ஒரு விசயம் தெரிந்திருக்க வேணும். டீசல் எஞ்சினுக்குப் பெற்றோல் எஞ்சின் மாதிரி பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடம் தானாகக் கிடைக்காது, அதனால் அல்டனேற்றரின் முதுகில் ஒரு சின்ன வாக்கியூம் பம்ப் வைத்திருக்கிறார்கள். அந்தப் பம்புக்கு எஞ்சின் ஒயில்தான் போகிறது, ஒரு மெல்லிய ஹோஸால் பிரஷரோடு உள்ளே போய், தடித்த ஹோஸால் திரும்பி வரும். என் காரில் உள்ளே போகும் ஹோஸ் கிளிப்புக்குப் பக்கத்தில் நகம் அளவுக்கு வெடித்திருந்தது. அதாவது ஒரு ரப்பர் துண்டு போனால் பிரேக்கும் போகும், ஒயிலும் போகும், கவனிக்காமல் ஓடினால் எஞ்சினும் போகும். மகியங்கனை–கண்டி மலைப்பாதையின் பதினெட்டு வளைவில் இது நடந்திருந்தால் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பதில்லை.

மகா ஓயாப் பக்கமிருந்து வந்த சிங்களத் தம்பி ஒருவர் தன் ஓட்டோவில் என்னை ஏற்றிப்போய், கிடைத்த ஹோஸ் துண்டும் இரண்டு கிளிப்பும் உழவு மெசினுக்கு ஊற்றும் 15டபிள்யூ-40 நாலு லீற்றரும் வாங்க உதவி செய்தார். அந்த ஒயிலோடு கண்டிக்கும் போய் வீட்டுக்கும் வந்து சேர்ந்தேன். நானா ஹோஸைக் கையில் வளைத்துக் காட்டினார், முறுக்கு மாதிரி முறிந்தது. “ஒயில்ட விலைய விசாரிச்சீங்க, ஹோஸ்ட வயச விசாரிச்சீங்களா?”

அதற்குப் பிறகு ஒயில் மாற்றவே இல்லை, அதாவது வகையை. 15டபிள்யூ-40 மினரல், 5000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம், எது முந்தி வருதோ அது. ஏன் அது போதும் என்றால், முதல் எண் குளிரில் ஒயில் எப்படி ஓடும் என்பதைச் சொல்கிறது. மட்டக்களப்பில் மார்கழி விடியற்காலையே இருபத்திரண்டு இருபத்துமூன்று பாகைக்குக் கீழே இறங்குவது அரிது, 5டபிள்யூவுக்குக் கொடுக்கும் மேலதிகக் காசு நமக்கு மட்டும் அல்ல, மலைக்குளிரில் இருக்கும் நுவரெலியாக்காரனுக்குக்கூடத் தேவைப்படாது. இரண்டாவது எண் சூட்டில் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பது. எஞ்சின் தேய்ந்து ஒயில் குடிக்கத் தொடங்கினால் 20டபிள்யூ-50க்குப் போகலாம், என்னுடையது இன்னும் அங்கே போகவில்லை.

கேனில் பிராண்டை விட ஏபிஐ எழுத்தை, அதாவது அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனத்தின் தரக் குறியைப் பாருங்கள். எஸ்ஸில் தொடங்கினால் பெற்றோலுக்கு, சியில் தொடங்கினால் டீசலுக்கு. சிஎஃப்-4, சிஎச்-4, சிஐ-4 எதுவும் இந்த எஞ்சினுக்குத் தாராளம். எழுத்து ஏறஏற நல்லது என்று நினைத்து சிஜே-4 தேடி அலைய வேண்டாம், அது புகைக்குழாயில் துகள் வடிகட்டி உள்ள வண்டிகளுக்காகச் சாம்பல் குறைத்துச் செய்தது, எங்கள் காரில் அப்படி ஒரு சாமானே இல்லை. நாங்கள் அடிப்பது சாதாரண ஓட்டோ டீசல், சூப்பர் டீசலை விடக் கந்தகம் கூட. கந்தகம் எரிந்தால் அமிலம், அந்த அமிலத்தை அடக்கும் மருந்து ஒயிலுக்குள் இருக்கிறது, ஓடஓட அது தீரும். தரமான ஒயில்தானே என்று பத்தாயிரம் ஓடுவதை விட சாதாரண ஒயிலை ஐயாயிரத்தில் மாற்றுவது இந்த எஞ்சினுக்கு நல்லது என்று நான் சொல்வது அதனால்தான். கால்டெக்ஸ் டெலோ, மொபில் டெல்வாக், சேர்வோ என்று கிடைத்ததை ஊற்றியிருக்கிறேன், வித்தியாசம் கண்டுபிடிக்க என் காதுக்கு முடியவில்லை. சீல் உடையாத கேன், என் கண் முன்னால் திறக்க வேணும், அவ்வளவுதான். ஒயில் மாற்றி மூன்றாம் நாளே கறுத்துவிட்டது என்று பயப்படுகிறவர்களுக்கு: பழைய டீசலில் கறுக்காவிட்டால்தான் யோசிக்க வேணும், கறுத்தால் கரியை ஒயில் தன்னோடு எடுத்துக்கொள்கிறது என்று அர்த்தம். டிப்ஸ்டிக்கில் பால் தேத்தண்ணி நிறம் தெரிந்தால் மட்டும் காரை எடுக்காதீர்கள், தண்ணீர் கலந்திருக்கிறது.

தண்ணீர் என்றதும், இந்த எஞ்சினைக் கொல்வது ஒயில் இல்லை, சூடு. புளொக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம், ஒரு தடவை கொதித்தால் ஹெட் வளையும், இரண்டாம் தடவை வெடிக்கும். கல்லடியில் கடல் காற்றுக்கு றேடியேற்றர் செதில்கள் பொரித்த அப்பளம் மாதிரி உதிர்கின்றன, நான் இரண்டு மாற்றிவிட்டேன். கிணற்றுத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தி கூலன்ட் ஊற்றுகிறேன். வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட்டை, கார் வாங்கின கிழமையே மாற்றினேன், பிறகு ஒருக்கா. டீசல் பம்பையும் அதே பெல்ட்தான் சுற்றுகிறது, அறுந்தால் வால்வு பிஸ்டனில் அடிக்கும். புகைப் பரிசோதனையில் அக்சிலரேட்டரை அடிவரை மிதித்து மிதித்து விடுவார்களே, அந்த நிமிசத்தில் என் மனதில் ஓடுவது புகை இல்லை, பெல்ட்தான்.

2022இல் டீசல் 460 ரூபாய்க்குப் போய், மண்ணெண்ணெய் 87 ரூபாயில் இருந்தபோது கலந்து ஓடினவர்களை எனக்குத் தெரியும். இந்த எஞ்சினின் ரோட்டரி டீசல் பம்புக்கு வழுவழுப்புக் கொடுப்பதே டீசல்தான், மண்ணெண்ணெய் அதைக் காயவைக்கும். அதில் ஒருத்தர் பம்புக்குக் கொடுத்த காசைக் கேட்டு எனக்கே நெஞ்சு அடைத்தது. நான் எரிபொருள் பங்கீட்டு கியூஆர் கோட்டில் வந்த கிழமைக்கு 20 லீற்றரோடு இருந்தேன், மிச்சத்துக்கு பஸ்.

மழை முடிந்ததும் செய்யும் இன்னொரு சின்ன வேலை, டீசல் பில்டரின் அடியிலுள்ள பிளக்கைத் தளர்த்தி, மேலேயுள்ள கைப்பம்பை நாலு தரம் அமுக்கி, வருவதை ஒரு சோடாப் போத்தலில் பிடிப்பது. கொஞ்ச நேரம் வைத்தால் தண்ணீர் அடியில் தனியாகத் தெரியும். இந்தத் தைப்பொங்கலுக்கு இரண்டு விரல் உயரம் நின்றது.

இப்போது முன் ஒயில் சீலில் ஈரம் தெரிகிறது, தரையில் பொட்டு இன்னும் விழவில்லை. அடுத்த ஒயிலுக்கு 400 கிலோமீற்றர் இருக்கிறது. மட்டை தேடாமல் ஞாயிறு காலை நானாவிடம் போகிறேன், பெல்ட் கவரைக் கழற்றினால் சீலையும் பெல்ட்டையும் ஒன்றாகப் பார்த்துவிடலாம்.