“பத்திரிகைக்காரங்க ரெண்டு ரவுண்டு ஓட்டின வண்டி சார்”

பழைய பைக் வாங்கக் கிளம்பியிருக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு இதுவரை ஆன தண்டச் செலவு 31,000 ரூபாய்.

வடபழனிப் பக்கம் ஒரு பழைய பைக் கடை. ஸ்போர்ட்ஸ் வண்டி, மீட்டரில் 2,800 கிலோமீட்டர், புது வண்டி விலையைவிட 70,000 ரூபாய் குறைவு. ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டேன். “கம்பெனி வண்டி சார். பத்திரிகைக்காரங்க ரிவ்யூ எழுத ரெண்டு ரவுண்டு ஓட்டிட்டுத் திருப்பிக் கொடுத்தது” என்றார் கடைக்காரர். ஆர்.சி.யில் உரிமையாளர் இடத்தில் தயாரிப்பு நிறுவனத்தின் பெயரே இருந்தது. தனி ஆள் பெயர் இருந்திருந்தால் நூறு கேள்வி கேட்டிருப்பேன். கம்பெனி பெயரைப் பார்த்ததும் எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

மூன்றாவது வாரம் கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறும்போது ஆக்சிலேட்டரை முறுக்கினால் இன்ஜின் அலறுகிறது, வண்டி ஏறமாட்டேன் என்கிறது. மெக்கானிக் பிரித்துப் பார்த்தார். கிளட்ச் பிளேட் கருகிப்போயிருந்தது. பின் சக்கரத்தில் செயின் ஓடுகிற ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் கொக்கி மாதிரி வளைந்திருந்தன. அப்புறம் வலது ஃபுட்ரெஸ்ட்டுக்கு அடியில் துருத்திக்கொண்டிருக்க வேண்டிய சின்ன ஆணியைத் தடவிக் காட்டினார். பாதி தேய்ந்திருந்தது. வண்டியை அவ்வளவு சாய்த்து வளைத்தால்தான் அது தரையில் உரசும். “இது ரோட்டுல ஓடின வண்டி இல்ல தம்பி, ரேஸ் டிராக்குல ஓடினது.”

அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் சேஸிஸ் எண்ணைக் கொடுத்துப் பழைய பதிவுகளைக் கேட்டேன். 9,600 கிலோமீட்டரில் கிளட்ச் செட் மாற்றியதாக ஒரு பதிவு! நான் கருக்கியதாக நினைத்தது இரண்டாவது செட். மீட்டரை நடுவில் யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

மோட்டார் பத்திரிகை ஒன்றில் வேலை பார்த்த நண்பரிடம் புலம்பினேன். அவர் சிரித்தார். அறிமுகத்துக்கு முன் இருங்காட்டுக்கோட்டை மாதிரி ரேஸ் டிராக்குகளில் பத்திரிகையாளர்களுக்குக் கொடுக்கிற வண்டிகளில் சில, விற்பனைக்கென்று தயாரானவையே அல்ல. அவை பெரும்பாலும் பயிற்சிக்கூடத்துக்கோ உடைப்புக்கோ போய்விடும். நிறுவனத்தின் பெயரில் பதிவான வண்டிகள்தான் கைமாறிக் கைமாறிச் சுற்றும். முதல் 500, 1,000 கிலோமீட்டருக்கு மெதுவாக ஓட்டுங்கள் என்று கையேட்டில் போட்டிருப்பார்களே, அதையெல்லாம் அங்கே யார் பார்க்கிறார்கள்? 0-விலிருந்து 100-ஐ எத்தனை நொடியில் தொடுகிறது என்று எழுத வேண்டும். ஒரே நாளில் பத்து இருபது தடவை கிளட்ச்சை விட்டுக் கிளப்புவார்கள். அடுத்த வாரம் இன்னொருவர். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே கதைதான். வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து ஊழியருக்கோ டீலருக்கோ விற்றுவிடுவார்கள். நிறுவனம் விற்றதில் தப்பில்லை. நடுவில் வாங்கியவர்கள் கதையை மாற்றிச் சொல்கிறார்கள்.

காகிதத் தொல்லை தனி. வண்டி வெளிமாநிலப் பதிவு. படிவம் 28-இல் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வேண்டும், படிவம் 29, 30-இல் நிறுவன அதிகாரியின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். “வந்துடும் சார்” என்ற கடைக்காரர் கொடுக்க இரண்டு மாதம் ஆனது. இங்கே வாழ்நாள் வரியும் புதிதாகக் கட்ட வேண்டும் என்று வாயைத் திறக்கவில்லை. அதைக் கணக்கில் சேர்த்தால் அந்த 70,000 தள்ளுபடி எங்கே போனது என்று தெரியும். வண்டி வாங்கினால் இன்சூரன்ஸை மாற்ற 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், அதையும் கோட்டை விட்டேன்.

யாராவது “கம்பெனி வண்டி” என்றால் பணம் கொடுக்கும் முன்பே சேஸிஸ் எண்ணோடு சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். எம்பரிவாகன் என்ற அரசு செயலியில் எத்தனையாவது உரிமையாளர், இன்சூரன்ஸ் எதுவரை என்று பாருங்கள். குனிந்து ஃபுட்ரெஸ்ட் ஆணியையும் பாருங்கள். கிலோமீட்டர் கணக்கை வாயால் கேட்காதீர்கள், வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். கடைக்காரர் சொன்னதற்கு என் கையிலிருக்கும் ஆதாரம் அது ஒன்றுதான். “ஒரிஜினல் 2800 கிமீ, கேரண்டி” என்று அவரே அனுப்பியிருக்கிறார். ரசீதில் “உள்ளது உள்ளபடி” என்று மட்டும் அச்சடித்திருக்கிறது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் சொல்லிவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் மனு போடலாம். மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். நேற்று அந்தக் கடைப் பக்கம் போனேன். வாசலில் இன்னொரு கம்பெனி வண்டி நிற்கிறது, மீட்டரில் 3,100.