டர்பன் கடையில் ஒரு பனியிரவு: ஜப்பானிய மரக்கட்டை அச்சு

டர்பனில் பழம்பொருள் கடை ஒன்றில் 1894–95 சீன-ஜப்பான் போர்க் காட்சி ஒன்று விற்பனைக்கு இருக்கிறது. இரவு, கொட்டும் பனி, கழுத்துப்பட்டையைத் தூக்கிவிட்டு நிற்கும் சிப்பாய்கள், தூரத்தில் நெருப்பின் செம்மை. மூன்று தாள் சேர்ந்த படம். தாள் ஒன்று ஏறத்தாழ 37க்கு 25 செ.மீ. இவ்வகை இரவுக் காட்சிகளில் பெயர் வாங்கிய கோபயாஷி கியோச்சிக்காவின் (1847–1915) பாணி. கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டாமல் அவர் பெயருக்கென்று விலை கொடுக்காதீர்கள்.

மரக்கட்டை அச்சு என்பதில் சந்தேகமில்லை. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் ஆஃப்செட் எனும் இயந்திர அச்சின் புள்ளிகள் இல்லை. வானத்தில் மரத்தின் ரேகை ஓடுகிறது. பின்பக்கம் வண்ணம் நாருக்குள் இறங்கியிருக்கிறது, அழுத்தித் தேய்த்த வட்டத் தடங்களும் உண்டு. இடது ஓரத்தில் பதிப்பாளர் பெயரும் மெய்ஜி 28 (1895) என்ற ஆண்டும் வெட்டுப்படாமல் தப்பியிருக்கின்றன. வானம் உச்சியில் கறுப்பாகத் தொடங்கி அடிவானத்தில் சாம்பலாகக் கரைகிற இடம் அருமை. பலகையில் பூசிய மையைத் தாளுக்குத் தாள் துடைத்தால்தான் இது வரும். அவசரமாக அடித்த பிரதிகளில் பட்டையாக வெட்டித் தெரியும்.

ஆனால் பனியைப் பாருங்கள். தரையில் கிடக்கும் பனி வெள்ளை மை அல்ல, மை படாத வெறும் தாள். தாள் பழுத்தால் பனியும் பழுக்கும். வலப்பக்கத் தாளில், சிப்பாய்களின் காலடியில், பழுப்புப் புள்ளிகள் விழத் தொடங்கிவிட்டன. தாள் கண்ணாடியோடு ஒட்டிக் கிடக்கிறது, பின்னால் சாதா அட்டை. டர்பன் கோடைப் புழுக்கத்தில் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? இணைப்புகளில் செல்லோடேப் வேறு. அதை உரித்தால் தாளின் மேல்தோலும் கூடவே வரும். புள்ளிகளைப் போக்கத் தண்ணீரில் நனைத்தாலோ அக்காலத்து அனிலின் என்ற செயற்கைச் சாயத்தின் சிவப்பும் ஊதாவும் கசிந்து பனிமேல் பரவும். இரண்டையும் காகிதப் பராமரிப்பு தெரிந்தவரிடம் விடுங்கள்.

அந்தச் செலவைக் கழித்து விலை பேசினால் தாராளமாக வாங்கலாம். புதுப் படச்சட்டத்துக்கு அமிலமில்லாத அட்டை, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி, இரண்டுக்கும் நடுவே 3 மி.மீ. இடைவெளி. கோதுமைப் பசை தடவிய ஜப்பானியத் தாள் துண்டால் மேல் விளிம்பை மட்டும் பிடிக்க வேண்டும். நாலு பக்கமும் ஒட்டினால் ஈரத்தில் விரியும் தாள் நெளிந்துவிடும். டர்பனின் சாட்ஸ்வொர்த் பக்கம் சாமிப் படத்துக்குச் சட்டம் போடும் கடையில் கொடுப்பதானால், ஹார்ட்போர்டில் முழுசாக ஒட்டக் கூடாதென்று முன்பே சொல்லிவிடுங்கள். மாட்டுவதற்கு வெயில் படாத உட்சுவர்தான் சரி. மழை அடிக்கும் வெளிச்சுவர் ஆகாது.