ஆஃப்செட்டா, பிஓடியா?
சேலத்தில் முதல் புத்தகம் போடுகிற நண்பர்கள் பலரும் நேராக, தகடு செய்து மொத்தமாக அச்சடிக்கும் ஆஃப்செட் அச்சகத்துக்குப் போய் 500 பிரதிக்கு முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். அந்தத் தகட்டுக்கான (பிளேட்) செலவு முதலிலேயே விழுந்துவிடுவதால் எண்ணிக்கை கூடக்கூடப் பிரதியின் அடக்கவிலை குறையும், உண்மைதான், ஆனால் விற்காத கட்டுகளை எங்கே வைப்பது? என்னுடையவை ஏற்காட்டு வீட்டில் ஒரு மழைக்காலம் இருந்தன. ஈரத்தில் அட்டை சுருண்டு, பக்கங்கள் ஒட்டி, பாதிக்கு மேல் வீண். மனசே ஆறவில்லை.

பிஓடியில், அதாவது கேட்கும்போது கேட்ட அளவு மட்டும் அச்சடிக்கும் 'பிரிண்ட் ஆன் டிமாண்ட்' முறையில், பிரதிக்குச் செலவு கூடுதல். ஆனால் 30 கேட்டால் 30 மட்டும் அச்சாகும், பிழை கண்ணில் பட்டால் அடுத்த முறை திருத்திவிடலாம். வெளியீட்டு விழாவிலேயே 300 போகும் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் ஆஃப்செட் போடுங்கள்.

அப்புறம், எதில் போட்டாலும் ஐஎஸ்பிஎன்னுக்கு (புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்) காசு கொடுக்காதீர்கள், ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகவே தருகிறது.